கற்குவியலடியில் கிடந்த சிலுவை

மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் ஒரு புதுவீட்டுக்குப் போயிருந்தேன். என்னோடு வேலை செய்யும் பெடியன் ஒருவன் வாங்கியிருக்கிறான். சுவாமியார் வந்து அறை அறையாகத் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி மந்திரித்து முடித்த பிறகு, எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு பின்வளவுக்குள் இறங்கினோம். புல் இன்னும் சரியாக வேர்பிடிக்காத வளவு. அவன் ஒரு அப்பிள் கன்று நடுவதற்குக் கிடங்கு வெட்டிக்கொண்டிருந்தான். மண்வெட்டி எதிலோ ‘ணங்’ என்று பட்டது. குனிந்து துருப்பிடித்த இரும்புத் துண்டொன்றை இழுத்தெடுத்து, மண்ணை உதறி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான்.

“உதென்னக்கா, குதிரை லாடமோ?”

“அதைக் கிடந்த இடத்திலேயே போட்டு மூடு” என்றேன்.

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். “சும்மா பழைய இரும்பு தானே அக்கா.”

“ஓம். போட்டு மூடு.”

நல்ல நாளில் வந்த மனுசியோடு ஏன் கதை என்று நினைத்திருப்பான். போட்டு மூடிவிட்டு, கன்றை ஒரு முழம் தள்ளி நட்டான். நான் தட்டை வைத்துவிட்டுக் கிடங்கருகில் நின்றேன். அந்த ஈரமண்ணின் வாசம் உங்கள் கைகளின் வாசம். எத்தனையோ சனிக்கிழமைகள் என் காருக்குள் ஏறியிருந்த வாசம்.

நீங்கள் எங்களிடம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். மாமி ஊரில் செத்துப்போய், நீங்கள் கொழும்பில் ஒரு அறையில் தனியாகக் கிடந்தபோது, உங்கள் மூத்த மகன், என் கணவர், ஸ்பொன்சர் பண்ணி எடுத்தார். ஸ்காபரோவில், டோர்செட் பார்க்கில் எங்கள் அபார்ட்மென்ட் உயரத்தில் இருந்தது. பல்கனியில் நின்று கீழே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அவருக்குச் சனி, ஞாயிறும் வேலை. எனக்குச் சனிக்கிழமை லீவு. வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டிய மனிதர் கதிரையில் சும்மா இருப்பதைப் பார்ப்பது எனக்கு என்னவோ போலிருக்கும். உங்களுக்கும் எனக்கும் பேச அதிகம் இல்லை. மாமனாரும் மருமகளும் என்ன பேசுவது? சாப்பிட்டீர்களா, மருந்துக் குளிசை எடுத்தீர்களா, இவ்வளவுதான்.

பிறகு அந்த மெசின் வந்தது. பக்கத்துத் தெருவில் யாரோ வீட்டுச் சாமான்களைக் கராஜில் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நீண்ட தடி, நுனியில் வட்டத் தட்டு, மேலே கைபிடி. வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்தீர்கள்.

“என்ன மாமா உது?”

“புல்லு வெட்டுற மெசின் பிள்ளை. மலிவாத் தந்தான்.”

“நாங்கள் இருக்கிறது மாடியில. எந்தப் புல்லை வெட்டப் போறியள்?”

பட்டரி போட்டதும் அது குசினி அலுமாரியைப் பார்த்து அலறியது. நீங்கள் திடுக்கிட்டுப் பின்வாங்கியதும், அது மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தேடும் மெசின் என்று நான் விளங்கப்படுத்தியதும், உங்கள் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததும் இப்போது போலிருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் பேச ஒன்று கிடைத்தது அன்றுதான்.

முதலில் பார்க்குகளில் தேடினோம். சோடா மூடிகள்தான் வந்தன. அடுத்த ஆனி மாதம் ஸ்ரோபெரி பிடுங்க வடக்கே போனபோது ஹரல்டைச் சந்தித்தோம். ஸ்ரௌவ்வில்லுக்குப் போகும் வழியில் அவருடைய பண்ணை. அறுபது வயது தாண்டியவர், மனைவியை இழந்தவர், அதிகம் பேசாதவர். வயலில் தேடலாமா என்று நான் கேட்டேன். உங்களை மேலும் கீழும் பார்த்தார். வெட்டும் கிடங்கை மூடவேண்டும், எடுப்பதைத் தன்னிடம் காட்டிவிட்டு ஷெட்டில் இருக்கும் தகரப் பெட்டிக்குள் போடவேண்டும், வேறொன்றுமில்லை என்றார்.

அந்தக் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நாங்கள் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. நீங்கள் தலைக்கேட்பானை மாட்டிக்கொண்டு தட்டைத் தரையோடு தரையாக வீசி நடப்பீர்கள். நான் சின்ன மண்வெட்டியோடு பின்னால் வருவேன். ஆணிகள், கொக்கிகள், பித்தளைப் பொத்தான்கள். ஒருநாள் பெரிய செப்புக் காசு ஒன்று வந்தது. துடைத்துப் பார்த்தால் விக்டோரியா மகாராணியின் தலை.

“உந்த மனுசி இஞ்சயும் வந்திட்டாவோ!” என்று வயல் நடுவில் நின்று சிரித்தீர்கள். “எங்கட அப்பு ஒரு டப்பாவுக்கை வைச்சிருந்த செப்புச் சதத்திலயும் இவதான் இருந்தவ.”

நீங்கள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. உங்கள் இளைய மகனைப் பற்றி என்னிடம் பேசியதும் அந்த வயலில்தான். இயக்கத்துக்குப் போனவன். சண்டையில் செத்தான் என்று சொல்லி அனுப்பினார்கள், உடல் வரவில்லை. “அவன் போட்ட ஒரு சேட்டுக்கூடத் தரேல்லை பிள்ளை” என்று சொல்லிவிட்டு, தலைக்கேட்பானைத் திரும்ப மாட்டிக்கொண்டீர்கள்.

ஹரல்டின் தாயை நீங்கள் ஆங்கிலத்தில் ‘மடம்’ என்றுதான் கூப்பிடுவீர்கள். தொண்ணூறைத் தாண்டியவர். குசினி ஜன்னலடியில் ஒரு கதிரை, மடியில் ஒரு கம்பளி, எந்நேரமும் வயலைப் பார்த்தபடி இருப்பார். வேலை முடிந்ததும் ஹரல்ட் எங்களை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். தாய் உங்களிடம் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: “இன்றைக்கு என்ன கண்டெடுத்தீர்கள்?” நீங்கள் மேசையில் ஆணிகளையும் பொத்தான்களையும் பரப்புவீர்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, பெருமூச்சு விட்டு, பிஸ்கட் தட்டைத் தள்ளுவார். வயலின் அந்த மூலையில் கற்குவியல் இருக்கிறதே, அங்கே போய்ச் சிரமப்படாதீர்கள், அங்கே ஒன்றுமே கிடையாது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். உங்கள் முழங்காலை நினைத்துச் சொல்கிறார் என்று நாங்கள் நம்பினோம். நல்ல மனுசி என்று காரில் வரும்போது நீங்கள் சொல்வீர்கள். நல்ல மனுசிதான்.

சோளம் வெட்டி முடித்த பிறகு ஹரல்ட் அந்தக் கற்குவியலை டிராக்டரால் தள்ளித் துப்பரவாக்கினார். “அந்தப் பக்கம் இதுவரை யாரும் பார்க்கவில்லை, போய்ப் பாருங்கள்” என்று அவர்தான் எங்களை அனுப்பினார். தாய் சொன்னது எனக்கு நினைவு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். மகன் சொல்லும்போது என்ன பயம் என்று போனோம்.

மெசின் ஒருமுறை கத்தி அடங்கியது. ஒரு சாண் ஆழத்தில் கறுத்துப்போன சிறிய சிலுவை. மேலே தொங்கவிட ஒரு வளையம். நீங்கள் அதை எடுத்து, மண்ணோடேயே முத்தி, நெற்றியில் வைத்தீர்கள்.

“ஆரோ செபமாலையைத் துலைச்சுப்போட்டினம்.”

நான் என் கழுத்துச் சால்வையால் தேய்த்தேன். வெள்ளி. மேல்முனையில் ஒரு கிரீடமும் நடுவில் எழுத்துகளும் இருந்தன. பின்புறம் தேய்க்கத் தேய்க்க ஒரு பெயர் வந்தது. முதலெழுத்தும் குடும்பப் பெயரும். ஹரல்டின் தபால்பெட்டியில் எழுதியிருந்த அதே குடும்பப் பெயர். அது செபமாலைச் சிலுவை அல்ல என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு இந்த நாட்டு அரசாங்கம் கொடுக்கும் வெள்ளிச் சிலுவை. நினைவுநாளில் ஒரு கிழவி அதைக் குத்திக்கொண்டு நிற்பதை ரீவியில் பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். “பேர் வெட்டியிருக்கு என்ன” என்றீர்கள். மெதுவாக.

“வழக்கம்போல அந்தாளின்ர தகரப் பெட்டிக்குள்ள போட்டுவிடுவமே?” என்று கேட்டீர்கள்.

“என்ன மாமா கதைக்கிறியள்! அந்தத் தாயின்ர கையிலதான் குடுக்கவேணும். எவ்வளவு சந்தோசப்படுவா!”

உங்களுக்கும் அது சரியாகப் பட்டது. ஆனாலும் அவசரப்பட்டவள் நான்தான். அந்த மனுசியின் சந்தோசத்தைப் பார்க்க மட்டுமா அவசரப்பட்டேன்? அகதியாய் வந்த நாங்கள் எவ்வளவு நேர்மையானவர்கள் என்று அவர்கள் பார்க்கவேண்டும் என்ற எண்ணமும் எனக்குள் இருந்தது. வயலுக்குக் குறுக்கே ஏறக்குறைய ஓடினேன். நீங்கள் மூச்சு வாங்க என் பின்னால் வந்தீர்கள்.

ஹரல்ட் வெளியே ஷெட்டில் நின்றார். நாங்கள் நேரே குசினிக்குள் போனோம். நீங்கள் அந்தத் தாயின் முன்னால் குனிந்து, பிரசாதம் கொடுப்பதுபோல, கையை விரித்தீர்கள்.

அவர் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார்: “அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் போடச் சொல்லு. எடுத்த இடத்திலேயே. ஹரல்டுக்குத் தெரியக் கூடாது.”

ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை. பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று நினைத்து, “மன்னிக்கவேண்டும், என்ன சொன்னீர்கள்?” என்றேன். அவர் திரும்பச் சொல்லவில்லை. வாசலைப் பார்த்தார். நீங்கள் சிரித்த முகத்தோடு, விரித்த கையோடு, என்னைக் கேட்டீர்கள்: “என்ன சொல்லுறா பிள்ளை? சந்தோசமாமோ?”

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு திறந்தது. சப்பாத்து மண்ணைத் தட்டிக்கொண்டு ஹரல்ட் உள்ளே வந்தார்.

அவர் உங்கள் கையைப் பார்த்தார். எடுத்துத் திருப்பிப் பெயரைப் படித்தார். “எங்கே கிடந்தது?” என்றார். அந்த அளவு ஆங்கிலம் உங்களுக்குத் தெரியும். “ஸ்ரோன். ஸ்ரோன் சைட்” என்று பெருமையோடு ஜன்னலுக்கு வெளியே கற்குவியல் பக்கத்தைக் காட்டினீர்கள்.

“நான் இதை ஓடையில் தொலைத்தேன் என்று சொன்னீர்களே, அம்மா.”

தாய் மடியிலிருந்த கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார்.

“எனக்கு ஒன்பது வயது. அண்ணன் உலகப் போரில் செத்த வருசம். நான் எடுத்து விளையாடித் தொலைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னீர்கள். அப்பா இடுப்புப்பட்டியைக் கழற்றி அடித்தார். அந்தக் கோடை முழுக்க நான் ஓடைக்குள் இறங்கித் தேடினேன். எனக்கே நான் எடுத்த ஞாபகம் வந்துவிட்டது. இத்தனை வருசமாக நான் எடுத்ததாகவே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

“என் மகனை எடுத்துக்கொண்டு அதை அனுப்பினார்கள்” என்றார் தாய். “அதை வீட்டில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. கொண்டுபோய் எறிந்தேன். உன் அப்பா எங்கே என்று கேட்டபோது வாயில் உன் பெயர் வந்துவிட்டது. நீ சின்னப் பிள்ளை. மறந்துவிடுவாய் என்று நினைத்தேன்.”

ஹரல்ட் சிலுவையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர்கள் பேசிய எல்லாவற்றையும் நான் உங்களிடம் சொன்னேன். காருக்குள் வைத்து, பிந்தி, ஒரு சொல் விடாமல். நீங்கள் உங்கள் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

“நான் கையைப் பொத்தியிருக்கவேணும்” என்றீர்கள். “அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தவுடனை விளங்கியிருக்கவேணும். நானும் ஒரு தேப்பன் தானே.”

அதற்குப் பிறகு நீங்கள் மெசினைத் தொடவில்லை. நத்தார் பண்டிகைக்கு முன்னால் நானே கேக் அடித்து, இரண்டு பேருமாக அங்கே போனோம். ஜன்னலடியில் கதிரை வெறுமையாகக் கிடந்தது. தாயை ஊருக்குள் முதியோர் இல்லத்தில் விட்டிருப்பதாக ஹரல்ட் சொன்னார். அங்கே நல்ல கவனிப்பு என்றார். எங்களோடு கோபமில்லை, வசந்தத்தில் வந்து தேடலாம் என்றும் சொன்னார். அவர் அப்படி மரியாதையாகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“வயசுபோன மனுசியை வீட்டை விட்டுக் கிளப்பிப் போட்டன்” என்று பனி பெய்யும் பாதையில் நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். இது எப்படியும் நடந்திருக்கும் மாமா, ஹரல்டால் தாயைத் தனியாகப் பார்க்க ஏலாது மாமா என்று நான் சொன்னேன். சொல்லும்போதே நான் அதை நம்பவில்லை.

அந்த இல்லத்துக்கு நீங்கள்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போகச் சொன்னீர்கள். அவர் கட்டிலில் சின்னப் பொட்டலம் போலக் கிடந்தார். என்னைத் தெரியவில்லை. உங்களைக் கண்டதும் கையை நீட்டினார்.

“மெசின்காரர். அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டீர்களா?”

இந்த முறை நான் ஒரு கணமும் பிந்தவில்லை. அவர் சொல்லி முடிக்குமுன் உங்கள் காதில் தமிழில் சொன்னேன்.

“யெஸ்” என்றீர்கள். “யெஸ், மடம். யெஸ்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் புறங்கையைத் தட்டினார். அடுத்த சனிக்கிழமை நீங்கள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனீர்கள். செத்துக்கொண்டிருக்கிற ஒரு மனுசிக்குப் பொய் சொன்னதைச் சொன்னீர்களாம். சுவாமியார் சிரித்தாராம். “அவருக்கென்ன, சிரிப்பார்” என்று என்னிடம் குறைப்பட்டீர்கள்.

பனி முழுதாகக் கரையும் முன்னரே அந்தத் தாய் போய்விட்டார். ஹரல்ட் ஃபோன் எடுத்துச் சொன்னார். நீங்கள் கொழும்பிலிருந்து கொண்டுவந்த கோட்டைப் போட்டுக்கொண்டீர்கள். ஸ்ரௌவ்வில்லில் ஒரு சின்ன ஃபியூனரல் ஹோம். பெட்டிக்குக் கிட்டப் போனதும் உங்கள் கால் நின்றது. கறுப்புச் சட்டை. அதன் நெஞ்சில், வெள்ளையாய் மினுங்கும்படி தேய்த்து, அந்தச் சிலுவை குத்தப்பட்டிருந்தது.

பெட்டியின் தலைமாட்டில் ஹரல்ட் நின்றார். “இது அம்மாவுடையது. அம்மாவோடு போகட்டும்” என்றார். அதில் இருந்தது அன்பா, கோபமா? நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்குமோ என்னவோ. ஒவ்வொரு ஞாயிறும் போய்த் தாயோடு இருந்ததாகவும், காலநிலையைப் பற்றியும் வயலைப் பற்றியும் பேசியதாகவும் சொன்னார். “பரவாயில்லை அம்மா என்ற ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.”

நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். பிடி இறுகியிருந்தது.

“பிள்ளை, அவருக்குச் சொல்லு. தாய் இதைத் திரும்ப மண்ணுக்குள்ள போடச் சொல்லிக் கேட்டவ. கட்டில்ல கிடந்தும் கேட்டவ. அவ வேண்டாமெண்டு எறிஞ்சதை நெஞ்சில குத்தி அனுப்பவேண்டாமெண்டு சொல்லு.”

“மாமா, வேண்டாம்.”

“சொல்லு பிள்ளை.”

ஹரல்ட் எங்களைப் பார்த்தார். அழுது வீங்கிய கண்கள். “என்ன சொல்கிறார்?” என்று கேட்டார்.

“உங்கள் அம்மா நல்ல பெண்மணி என்கிறார்” என்றேன்.

அந்த ஆங்கிலம் உங்களுக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியும். ஹரல்ட் உங்கள் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னார். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். என்னைப் பார்த்த அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் ஹரல்ட் சிலுவையைக் கழற்றியிருப்பாரா? சொல்லியிருந்தால் அந்த மனிதர் மிச்ச நாட்களை எப்படிக் கழித்திருப்பார்? இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன் மாமா. தாயிடம் நின்றால் மகனுக்குத் துரோகம். மகனிடம் நின்றால் தாய்க்கு. சில வருடங்களில் ஹரல்டும் போய்விட்டார். அந்த வயலில் இப்போது வீடுகள். நம் ஆட்களும் வாங்கியிருக்கிறார்கள். கற்குவியல் இருந்த இடம் எந்த வீட்டின் கராஜுக்குக் கீழே என்று என்னால் சொல்ல முடியாது.

அன்று ஃபியூனரல் ஹோமிலிருந்து திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஸ்காபரோவுக்குக் கிட்ட வந்துவிட்டோம். அப்போது நான்தான் பேச்சைத் தொடங்கினேன். அன்று குசினியில் அந்தத் தாய் சொன்னது எனக்கு அந்தக் கணமே விளங்கியது என்றும், நான் மலைத்துப்போய் நின்றுவிட்டேன் என்றும் சொன்னேன்.

“நான் உடனை சொல்லியிருந்தா நீங்கள் கையைப் பொத்தியிருப்பியள் மாமா. அந்தாள் கண்டிருக்க மாட்டார். அந்த மனுசி தன்ர கதிரையிலேயே செத்திருக்கும்.”

நீங்கள் கண்ணாடியில் மூடியிருந்த ஆவியைக் கையால் துடைத்தீர்கள்.

“நீ சொல்லியிருந்தாலும் நான் பொத்தியிருக்க மாட்டன் பிள்ளை” என்றீர்கள். “ஒரு பெடியன்ர பேர் வெட்டிக் கிடந்தது.”

உண்மையைத்தான் சொன்னீர்களா, அல்லது ரோட்டைப் பார்க்காமல் நான் உங்கள் முகத்தையே பார்த்ததைக் கண்டு சொன்னீர்களா? சிலுவை கிடைத்த அன்று அதே காரில் இருந்துகொண்டு, கையைப் பொத்தியிருக்கவேணும் என்று சொன்னவரும் நீங்கள்தானே. அதற்குப் பிறகு, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடும்வரை, இரண்டு வருடங்களுக்கு மேல் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். உங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் அந்தக் கேள்வி என் நாக்கு நுனிவரை வரும். நீங்கள் நிமிர்ந்து பார்ப்பீர்கள். “என்ன பிள்ளை?” என்பீர்கள். “ஒண்டுமில்லை மாமா, இன்னும் கொஞ்சம் போடட்டோ?” என்பேன். பதில் மாறிவிடும் என்ற பயத்தில் நான் இரண்டாம் முறை கேட்கவேயில்லை.